தீர்த்தமலையில் ஆறிய கியர்பாக்ஸ்

கோளாறை மறைத்துத்தான் என் காரை விற்றேன். தெரியாமல் அல்ல, தெரிந்தேதான். மறைப்பதற்குச் சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

இதை என் மனைவி மலரிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது, அதுதான் எனக்கு வசதி.

அரூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா, பூச்சிமருந்து, மரவள்ளிக்கு நுண்சத்து... இவ்வளவுதான் என் உலகம். இந்த உலகத்தில் இருக்கிறவனுக்கு ஜெர்மன் கார் எதற்கு? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்! நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத நாளில்லை.

பெங்களூரில் ஐந்து வருடம் ஓடிய கார். புதிதாக எடுத்தவன் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. ஏன் இத்தனை மலிவு என்று யோசித்திருக்க வேண்டாமா? நான் எங்கே யோசித்தேன்! கதவைச் சாத்தினால் கனமாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் மயங்கிவிட்டேன். என் மைத்துனன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அதில் போய் இறங்க வேண்டும், அவன் அந்தக் கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். அதுதான் ஆசை. போய் இறங்கினேன். அவனும் சாத்திப் பார்த்தான். சந்தோஷம் அந்த ஒரு நாளோடு சரி.

அப்புறம் ஆரம்பித்தது. கர்நாடகப் பதிவெண் என்பதால் அங்கே தடையில்லாச் சான்று, இங்கே மறுபடியும் வரி, நடுவில் ஆறு மாத அலைச்சல். முன்விளக்கில் ஒரு பக்கம் எரியவில்லை என்று போனால், பல்பை மட்டும் மாற்ற முடியாதாம், விளக்கையே மொத்தமாக மாற்ற வேண்டுமாம். அதுவும் கப்பலில் வர வேண்டுமாம்! அரூரில் இருக்கிற மெக்கானிக் ஒருவனும் தொடமாட்டேன் என்றான். ஒருவன் மட்டும் பானெட்டைத் திறந்தான். அடுத்தவர் வீட்டு பீரோவைத் தவறித் திறந்துவிட்டவன் மாதிரி மெதுவாக மூடிவிட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னான்.

சேலத்துக்குக் கொண்டுபோன நாளில்தான் கியர்பாக்ஸின் குணம் தெரிந்தது. அது ஆட்டோமேட்டிக், கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். முதல் முக்கால் மணி நேரம் வெண்ணெய் மாதிரி ஓடிற்று. பிறகு திடீரென்று ஓர் உதை. பின்னால் வந்தவன் மோதிவிட்டான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லை. அடுத்த கியரில் மறுபடியும் உதை!

சேலத்து மெக்கானிக் தன் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை அடியோடு மாற்ற வேண்டும் என்றான். ஒரு விலை சொன்னான். அந்த விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு டிராக்டரே வாங்கிவிடலாம். என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது போலும், ஓர் ஆறுதலும் சொன்னான்.

"சூடு ஏறுனாத்தாண்ணே உதைக்கும். ஒரு மணி நேரம் ஆறவுட்டீங்கன்னா மறுபடி கொழந்த மாதிரி ஓடும்."

இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள். நான் வைத்துக்கொண்டேன்...

விற்றுத் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் விற்பதென்ன அவ்வளவு லேசா! நம் ஊர்ச் சின்னக் கார் என்றால் பத்து வருடம் ஓடியதைக்கூட டீ ஆறுவதற்குள் தள்ளிவிடலாம். இதை? இணையத்தில் படம் போட்டேன். ஒரு நாளைக்கு இருபது பேர் கூப்பிட்டார்கள். எடுத்ததும் "லாஸ்ட் என்னண்ணே?" என்று கடைசி விலையைத்தான் கேட்பார்கள். வண்டியைப் பார்க்கவில்லை, பெயரைக் கேட்கவில்லை, அதற்குள் லாஸ்ட்! அடுத்தது மைலேஜ். சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். பாலக்கோட்டிலிருந்து ஒருவன் இரண்டு கறவை மாடும் ஒரு பழைய புல்லட்டும் தருகிறேன் என்றான். தர்மபுரிப் புரோக்கர் ஒருவர் நேரிலேயே வந்தார். டயரைக் காலால் இரண்டு தட்டு தட்டினார், இந்தப் பக்கம் இது போகாது என்றார், காபி குடித்தார், போய்விட்டார்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர் உண்மையிலேயே வாங்க வந்தவர். ஓட்டிப் பார்க்கிறேன் என்று தர்மபுரி ரோட்டில் கிளம்பினார். போய்க்கொண்டே இருந்தார். திரும்புங்கள், திரும்புங்கள் என்று எத்தனை முறை சொல்வது? முக்கால் மணி நேரம் ஆனது, கார் உதைத்தது. அரூருக்குத் திரும்பி, என் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

கார் நிற்கிற இடத்தில் ஓர் எருமையைக் கட்டியிருந்தால் பாலாவது கறந்திருக்கும் என்றாள் மலர். அவள் சொன்னது சரிதான். யானையைக் கட்டித் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். நிற்கிற ஒவ்வொரு மாதமும் விலை இறங்கிக்கொண்டே போனது. எனக்கு இரவில் தூக்கமில்லை, பகலில் கடையில் வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் முனிரத்தினம் அண்ணன் வந்தார்.

மொரப்பூர் பக்கம் ஒரு கிராமம். அரூர்–சேலம் அரசு பஸ்ஸில் முப்பது வருடம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற பெண்கள்கூடக் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். அவ்வளவு பதமான கால். விபத்து என்று ஒரு கீறல்கூடக் கிடையாது.

"முப்பது வருஷம் கிளச்சு மிதிச்ச மொழங்காலுங்க தம்பி. எடது காலு போயிருச்சு. இனி கிளச்சு வண்டியே ஓட்டப்படாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆனா ஓட்டாம இருக்க முடியலீங்களே" என்றார்.

அவர் கையிலிருந்த பணத்துக்குப் புது ஆட்டோமேட்டிக் கார் வராது. என்னுடையதுதான் வரும். பஸ் கியர்பாக்ஸை அவர் காதாலேயே அறிவார். ஆட்டோமேட்டிக் காரை அதுவரை தொட்டதே இல்லை. எனக்கு எப்படிப்பட்ட ஆள் தேவையோ, அப்படிப்பட்ட ஆளே நடந்து வந்திருக்கிறார்!

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். கிருஷ்ணகிரிக்காரர் கண் முன்னால் வந்துபோனார். அடுத்த கணம் என் வாய் தானாகவே பேசிற்று. எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை...

"தீர்த்தமலைக்குப் போலாமுங்கண்ணா. சாமிகிட்டக் காட்டாம எந்த வண்டியையும் நான் கைமாத்தறது இல்லீங்க" என்றேன்.

அப்படி ஒரு வழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. வாங்கிய வண்டிக்குப் பூஜை போடுவார்கள். விற்கிற வண்டிக்கு எவன் போடுவான்? அவருக்கு அது பிடித்துப்போயிற்று. என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

கணக்கு இதுதான். அரூரிலிருந்து அடிவாரம் அரை மணி நேரம். உதைக்கிற அளவு சூடு ஏறாது. மலை ஏறித் தரிசனம் முடித்து இறங்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் கியர்பாக்ஸ் நன்றாக ஆறிவிடும். திரும்ப அரை மணி நேரம். குழந்தை மாதிரி ஓடும்.

அவர் ஓட்டினார். என்ன ஓட்டு! ஒரு பள்ளம்கூடத் தெரியவில்லை. அடிவாரத்தில் மரநிழல் பார்த்து நிறுத்தச் சொன்னேன். வெயில் ஆகாது பாருங்கள், நிழலில் சீக்கிரம் ஆறும்.

பிறகு படி. இடது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். "நீங்க கீழயே இருங்கண்ணா" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. அவர் உட்கார உட்கார எனக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். ஐயோ, நினைத்தேனே! மேலே தீர்த்தத்தில் தலையை நனைத்தேன், இன்னொரு தரம் நனைத்தேன். சந்நிதியில் கண்ணை மூடி நின்றேன். உள்ளே மந்திரமா ஓடிற்று? நாற்பது நிமிடம் ஆயிற்று, ஐம்பது ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பக்தியான ஆளிடம் வண்டி வாங்குவது தன் பாக்கியம் என்றார்.

மறுவாரம் கார் அவர் வீட்டு வாசலில் நின்றது. என் தலையிலிருந்ததை அவர் தலையில் கட்டிவிட்டேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லக் கூடாது என்றுதானே இதை எழுதுகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் ஏமாற்று வேலை. பழைய வண்டி விற்கிறவன் எவன்தான் எல்லாவற்றையும் சொல்கிறான் என்று நீங்களே என்னைத் தேற்றிவிடுவீர்கள். ஆனால் முடியவில்லை.

நான்கு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவரோ நலம் விசாரித்தார். கடை வியாபாரத்தைக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார்.

தர்மபுரியில் இருக்கிற மகளையும் மருமகனையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். போகும்போதே லேசாக இரண்டு முறை உதைத்திருக்கிறது, தன் கால் பதறுகிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். திரும்பும்போது தொப்பூர் மேட்டில் உதை மேல் உதை. நடுரோட்டில் கார் நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. பேத்தி முன்சீட்டில் இடித்துக்கொண்டதில் நெற்றி புடைத்துவிட்டது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் மருமகன் எடுத்து ஓட்டியிருக்கிறார். தர்மபுரி வரை அரை மணி நேரம், ஒரு குலுக்கல்கூட இல்லை...

ஆறிவிட்டதல்லவா! எப்படி உதைக்கும்?

வயதாகிவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்று மருமகன் சொல்லிவிட்டாராம். இவரும் தலையாட்டிவிட்டார்.

"மாப்ள ஓட்டுனா ஒண்ணும் பண்ணலீங்க, நான் ஓட்டுனாத்தான் ஒதைக்குது. இருந்தாலும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு... உங்ககிட்ட இருந்தப்ப எப்பயாச்சும் இப்படி ஒதைச்சுதுங்களா தம்பி?"

கேட்டுவிட்டார். ஒரே கேள்வி. ஆமாங்கண்ணா என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு அவர் கால் திரும்பக் கிடைத்திருக்கும். முப்பது வருடம் திரும்பக் கிடைத்திருக்கும். எனக்குத்தான் கார் திரும்ப வந்திருக்கும், தீர்த்தமலைச் சங்கதி ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

"இல்லீங்களே" என்றேன்.

"அதானே. எனக்கும் தெரியுமுங்க" என்றார். நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டேன், மன்னிக்கணும் என்றும் சொன்னார். என்னிடம்... என்னிடம் மன்னிப்பு!

காரை விற்றது ஒரு குற்றம். அந்த 'இல்லீங்களே' வேறு குற்றம். இரண்டாவதற்கு என்ன காரணம் சொல்வது? பணம் இல்லை என்று சொல்லவா? புரட்டினால் புரட்டலாம். வெட்கம் என்று சொல்லவா? என்ன பெரிய வெட்கம், ஒரு மனிதரின் காலை விடவா பெரிது?

போன வாரம் கடைக்கு நேரிலேயே வந்தார், பஸ்ஸில். இறங்கி வந்த வேகத்தில் உட்காரவும் இல்லை, சாவியை மேசை மேல் வைத்தார். காரை நானே நல்ல ஆளாகப் பார்த்து விற்றுத்தர வேண்டுமாம். என்னை விட்டால் நம்பிக்கையான ஆள் வேறு யார் என்றார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"வாங்கறவருகிட்ட ஒண்ண மட்டும் மறைக்காமச் சொல்லிருங்க தம்பி. கடைசியா ஓட்டுனது கால் சரியில்லாத ஆளு. கொறை வண்டி மேல இல்ல, ஆளு மேலன்னு சொல்லுங்க. அப்புறம்... தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போவ மறந்துராதீங்க. நல்ல வழக்கமுங்க."

சாவி இன்னும் மேசை மேலேயே இருக்கிறது. மறுநாள் அவர் மருமகன் இன்னொரு சாவியில் ஓட்டிவந்து விட்ட கார் என் கடை வாசலில் நிற்கிறது. நேற்று அரூர்க்காரர் ஒருவர் போன் செய்தார். எடுத்ததும் லாஸ்ட் என்ன என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

வரச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பக்கம் ஓட்டிப் பார்ப்பது என்றும் கேட்டார்; தர்மபுரி ரோடா, தீர்த்தமலையா என்றுதான் நான் இன்னும் சொல்லவில்லை.