நிதிக் கம்பனியையும் வங்கி என்று எழுதியவன்

நான் பொய் சொன்னவன். சிவமலருக்குக் கிடைக்கவேண்டிய டெண்டர் என்னுடைய பிழையால் போனது. அந்தப் பழியைத் தூக்கி, ஒரு பாவமும் அறியாத பெண் அதிகாரியின் தலையில் போட்டேன். நான்கு வருடமாக வாய் திறக்கவில்லை.

உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? உங்களில் ஒருவருடைய அலுமாரியில் என் சின்னப் புத்தகம் கிடக்கக்கூடும். ‘நம் அயல்நாட்டு வங்கிகளும் நம் வங்கிகளும்’. வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெரிய தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எனக்குப் போட்டோக்கொப்பிக் கடை. அங்கேயே தட்டச்சு செய்து, அங்கேயே பிரதி எடுத்து, அங்கேயே பின் அடித்து விற்றேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது எவ்வளவு பெரிய தலைக்கனம் தெரியுமா!

படிவம் நிரப்ப வருகிற சனங்கள் நின்று கதைப்பார்கள். அந்தக் கதைகளுக்காகவே நான் கடை திறந்து வைத்திருக்கிறேன் என்றும் சொல்லலாம். மட்டக்குளியிலிருந்து வரும் மீன் வியாபாரி ஒருவர் என் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “சல்லி வாங்கிறவன் எல்லாம் பாங்க்தான், மாஸ்டர். திருப்பித் தாறவன்தான் குறைவு” என்றார். வயிறு நோகச் சிரித்தேன். மாஸ்டராம்... நான் யாருக்குப் படிப்பித்தேன்?

நான் படித்ததெல்லாம் தமிழ்நாட்டில் அச்சான போட்டித் தேர்வுக் கையேடுகள். வங்கிகளைப் பற்றித் தமிழில் என் கைக்கு வேறு எதுவும் அகப்படவில்லை. இந்தியாவில் சிறு நிதி வங்கி என்று ஒரு வகை உண்டு. சிறியதென்றாலும் அது வங்கியேதான். நேபாளத்தில் வர்த்தக வங்கி, அபிவிருத்தி வங்கி, நிதிக் கம்பனி என்று எல்லாவற்றையும் ஒரே ஏணியில் படிபடியாக நிறுத்தியிருக்கிறார்கள். பாகிஸ்தானில் நுண்நிதி வங்கிகள், மாலைதீவில் வெளிநாட்டு வங்கிகளின் கிளைகள்... அதுவரைக்கும் சரியாகத்தான் எழுதினேன்.

கடைசி அத்தியாயம் இலங்கை. அதற்குக் கையேடு கிடைக்கவில்லை. அயல்நாட்டுக்காரரின் சட்டையைக் கழற்றி எங்கள் நாட்டுக்கு மாட்டிவிட்டேன். “நிதிக் கம்பனியும் ஒருவகைச் சிறு வங்கியே.” இந்த ஒரு வரி... இந்த ஒரே ஒரு வரி!

இங்கே அப்படி இல்லை. இங்கே நிதிக் கம்பனிக்குச் சட்டம் வேறு, உரிமம் வேறு. வைப்புப் பணம் வாங்கும், லீசிங் கொடுக்கும். ஆனால் அது வங்கி ஆகாது. எந்த வங்கிக் கிளையில் நுழைந்து கேட்டிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஏன் கேட்கவில்லை? கேட்டால் நான் மாஸ்டர் இல்லை என்று ஆகிவிடுமே!

சிவமலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் மகள் துஷியோடு வாடகைக்கு இருப்பவள். சமைத்து அலுவலகங்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கிறாள். நுகேகொடைப் பக்கம் ஓர் அரச அலுவலகம் தன் சிற்றுண்டிச்சாலையை நடத்த வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் கோரும். மனுவோடு, இவருக்கு நாங்கள் பிணை என்று ஒரு வங்கி கொடுக்கும் கடிதமும் வைக்க வேண்டும். மனுவை நிரப்ப என் கடைக்கு வந்தாள். அவளுடைய சேமிப்போ ஒரு நிதிக் கம்பனியில்.

“அண்ணை, இவை தாற கடிதம் காணுமோ? இல்லாட்டி நகையை வச்செண்டாலும் பாங்கில எடுக்கிறன்.”

“காணும், மலர். அதுவும் பாங்க்தான். என்ர புத்தகத்தில கிடக்கு, பார்.”

பார்த்தாள். அச்சில் இருந்ததே... நம்பினாள்.

டெண்டர் திறந்த அன்று நானும் கூடப் போனேன். அவளுடைய சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான். எல்லாம் முடிந்தபின் அந்தப் பெண் அதிகாரி எங்களைத் தனியே கூப்பிட்டுச் சிங்களத்தில் தணிந்த குரலில் சொன்னார்: “மாத்தயா, இவர் போட்ட சாப்பாட்டு விலைதான் எல்லோருடையதையும் விட நல்லது. ஆனால் இந்தக் கடிதம் வங்கியுடையது அல்ல, ஏற்க வழியில்லை. அடுத்த வருடம் ஒரு வர்த்தக வங்கியின் கடிதத்தோடு வரச் சொல்லுங்கள். கட்டாயம் வரச் சொல்லுங்கள்.”

மலர் என் கையைப் பிடித்து உலுக்கினாள். “என்னவாம் அண்ணை? என்னவாம்?”

அந்தக் கணத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘என் புத்தகம் பிழை’ என்ற மூன்று சொற்கள்! வரவில்லை...

“எங்கட பேரைப் பார்த்திட்டினம், மலர். முதலே தங்கட ஆளை வச்சிட்டினம். இனி இந்தப் பக்கம் வராத” என்றேன்.

தான் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்து, அந்த அதிகாரி மலரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

“சிரிக்கிறாள் பாருங்கோ அண்ணை” என்றாள் மலர்.

பெயரைப் பார்த்து ஒதுக்கப்பட்டவர்கள் எங்களில் எத்தனை பேர்! அவர்கள் பட்ட காயத்தை எடுத்து என் வெட்கத்தை மூடிக்கொண்டேன். அதனால்தான் மலர் மறுகேள்வி கேட்கவில்லை. எனக்கு என்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வருகிறது... எரிச்சல்பட்டு என்ன செய்ய? அடுத்த பதிப்பில் அந்த வரியைச் சத்தமில்லாமல் நீக்கினேன். துணிச்சல் அவ்வளவுக்குத்தான் இருந்தது!

ஒவ்வொரு வருடமும் அந்த அறிவித்தல் பத்திரிகையில் வருகிறது. ஒவ்வொரு வருடமும் நாளைக்குச் சொல்வோம் என்கிறேன்.

இந்த வருடம், போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லியே தீருவது என்று கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். போனபோது தாய்க்கும் மகளுக்கும் சண்டை. மேசையில் அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கான விண்ணப்பப் படிவம்.

“உதெல்லாம் எங்களுக்குச் சரிவராது, துஷி. பேரைப் பார்த்தே தூக்கி எறிவினம்.”

“நான் சிங்களமும் பாஸ் பண்ணினனான் அம்மா. உங்கட கன்டீன் கதையை இன்னும் எத்தினை தரம் சொல்லப் போறீங்கள்?”

“மாமாவைக் கேள். பக்கத்தில நிண்டு காதால கேட்டவர்.”

துஷி என்னைப் பார்த்தாள். வாதாடுகிற கண்கள் இல்லை அவை... நான் இல்லையென்று சொல்லவேண்டும் என்று காத்திருந்த கண்கள்.

“அம்மா சொல்லுறதையும் யோசி, பிள்ளை” என்றேன்.

என்ன மனிதன் நான்! அந்தப் பிள்ளை படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். மலர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

படிவம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் புதன். இப்போது வெளிக்கிட்டாலும் ஒரு மணித்தியாலத்தில் கொட்டாஞ்சேனையில் நிற்கலாம். நானோ கடையைச் சாத்திவிட்டு இருந்து, உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்... உங்களுக்கு எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!