செவ்விளநீர் நிற ஜெர்சி

எங்கள் அணியின் ஜெர்சியை யாராவது ஆரஞ்சு என்று சொன்னால் என் கணவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "ஆரஞ்சு எந்த ஊர்லயும் கெடைக்குமுங்க. இது செவ்வெளநி" என்று திருத்துவார். தொழில்முறை வாலிபால் லீக்கில் கோயம்புத்தூருக்கென்று ஓர் அணி வந்த முதல் வருஷமே ரசிகர்கள் அந்த நிறத்துக்கு வைத்த பெயர் அது. பொள்ளாச்சிப் பக்கத்துச் செவ்விளநீர்க் குலையை வெயிலில் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அவருக்குத் துடியலூரில் ஒரு லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவது தொழில். பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் ஆடிய கால்கள் இன்னும் சும்மா இருப்பதில்லை. டிவியில் யாராவது எகிறி அடித்தால் இவரும் சோபாவிலிருந்து அரை அடி எழும்புவார். எங்கள் அணி இறுதிப் போட்டியில் ஜெயித்த அன்று அவர் போட்டிருந்த ஜெர்சியை அதற்கப்புறம் ஒரு ஆட்டத்துக்கும் மாற்றியதில்லை. நான்கு வருஷமாக அதே ஜெர்சி. அதைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுகிற பாக்கியம் எனக்கு.

நான் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு யூனிட்டில் செக்கிங் பார்க்கிறேன். விளையாட்டு ஜெர்சிகள் தைக்கிற இடம். வடிவத்தைப் பேப்பரில் அச்சடித்து, சூடான பிரஸ்ஸில் துணிக்கு ஏற்றி, அதன் பிறகு வெட்டித் தைப்போம். நிறம் சரியா என்று கடைசியாகப் பார்த்துச் சொல்வது என் வேலை. இரண்டு துணியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மயிரிழை வித்தியாசத்தையும் சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. "அக்கா பாஸ் பண்ணுனா மெஷினே பாஸ் பண்ணுன மாதிரி" என்று மேனேஜர் சொல்லும்போது நான் மறுத்ததில்லை.

இந்த சீசனுக்கு முன்னால் அணியின் ஜெர்சி கம்பெனி மாறியது. இதுவரை தைத்துக் கொடுத்த பெரிய கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து, புதுக் கம்பெனி ஒன்று வந்தது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. என் கணவரும் அவரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற பத்துப் பேரும் டீக்கடையில் கூடிக் கூடிப் பேசினார்கள். காலர் எப்படி வரும், கையில் கோடு இருக்குமா, புதுக் கம்பெனி தன் முத்திரையை நெஞ்சு முழுக்க ஒட்டிவிடுமா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்.

என் கணவருக்கு ஒரே கவலைதான். "காலரை மாத்தட்டும், கோட்டை மாத்தட்டும், பொறுத்துக்கலாம். நெறத்தை மாத்துனா நான் மேட்ச்சுக்கே போறதில்லை அம்மணி" என்றார். சொன்னால் செய்கிற ஆள். நான் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தேன். ஏனென்றால், அந்தப் புதுக் கம்பெனி தைக்கக் கொடுத்திருந்த இடம் எங்கள் யூனிட்தான். ஜெர்சி வெளியாகும் வரை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வாசலிலேயே செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

பழைய கம்பெனி தன் நிறக் கணக்கைப் புதிய கம்பெனிக்குக் கொடுக்காது. அது தொழில் வழக்கம், குறை சொல்ல முடியாது. விற்காமல் மிச்சமிருந்த ஜெர்சிகளையும் சீசன் முடிவில் தள்ளுபடியில் விற்றுத் தீர்த்துவிட்டார்கள். எங்களுக்கு வந்ததெல்லாம் போட்டோக்கள்தான். போட்டோவைப் பார்த்து நிறம் எடுத்தால் ஒன்று தக்காளியாக வந்தது, இன்னொன்று சாமந்தியாக வந்தது. "சாம்பிளுக்கு யாருகிட்டயாச்சும் அசல் ஜெர்சி இருக்குதுங்களா?" என்று மேனேஜர் கேட்டார். நான் உடனே கையைத் தூக்கினேன்.

மறுநாள் பீரோவிலிருந்து கணவரின் ஜெர்சியை எடுத்து டிபன் பைக்குள் சுருட்டி வைத்துக் கொண்டுபோனேன். அன்றைக்கு யூனிட்டில் எனக்கு ராஜ மரியாதை. அதைப் பார்த்துப் பார்த்து மையைக் கூட்டியும் குறைத்தும், சாயங்காலத்துக்குள் நிறத்தைப் பிடித்துவிட்டோம். நிறம் பார்ப்பதற்கென்றே விளக்கு வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் புதுத் துணியையும் கணவரின் ஜெர்சியையும் சேர்த்து வைத்தபோது எது எது என்று எனக்கே தெரியவில்லை. பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து ஜெர்சியைப் பழைய இடத்தில் மடித்து வைத்தேன். என் ஊர் அணி என் கண் சொன்ன நிறத்தில் ஆடப்போகிறது என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது.

மாதிரி ஜெர்சி அணிக்குப் போனது. போன மூன்றாம் நாளே யாரோ எடுத்த போட்டோ ரசிகர்களின் குரூப்பில் வந்துவிட்டது. காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது என் கணவர் போனும் கையுமாக அடுப்படிக்குள் வந்தார்.

"இதைப் பாரு அம்மணி. புதுத் துணியாட்டமா இருக்குது? நாலு வருசம் போட்டு வெளுத்த துணியாட்ட இருக்குது. எந்தக் குருட்டுக் கண்ணு இதைப் பாஸ் பண்ணுச்சுன்னு தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, போனுல பாத்து நெறம் சொல்ல முடியுங்களா?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் விடவில்லை. பீரோவைத் திறந்து தன் ஜெர்சியை எடுத்துவந்து போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இதுதான் செவ்வெளநி. அது என்ன நெறமுன்னு நீயே சொல்லு."

இரண்டும் ஒரே நிறம். அச்சு அசலாக ஒரே நிறம். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. கையிலிருந்த ஜெர்சியில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஜெயித்த நாளின் நிறத்தை. தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது பெற்றவர்களுக்குத் தெரியாது என்பார்கள். இந்த ஜெர்சி வெளுத்தது அவருக்கும் தெரியவில்லை, ஊரார் துணிக்கெல்லாம் நிறம் பார்க்கிற எனக்கும் தெரியவில்லை. நிழலில் உலர்த்தவும் என்று அச்சடித்த லேபிளைத் தினமும் ஆயிரம் தடவை பார்க்கிறவள் நான். என் வீட்டு ஜெர்சியை நான்கு வருஷமாக மொட்டை மாடி உச்சி வெயிலில் வாட்டியிருக்கிறேன். ஊருக்குத்தானே உபதேசம்.

தோசை தீய்ந்துபோயிற்று. அவர் கோபத்தோடு பட்டறைக்குக் கிளம்பினார். இந்த நிறத்தோடு ஜெர்சி வந்தால் இவரும் அந்தப் பத்துப் பேரும் அரங்கத்துக்கு வரப்போவதில்லை. அந்தக் குற்றத்துக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இரண்டு நாளில் மொத்தமாகப் பிரஸ் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் அசல் நிறம் வேண்டும்.

அப்போதுதான் அவர் பட்டறைப் பேச்சு நினைவுக்கு வந்தது. தேய்ந்த ஷாஃப்டைக் கொண்டுவந்து அதேபோல் செய்து தரச் சொல்கிறவர்களைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி சொல்லுவார். தேய்ந்த இடத்தில் அளந்தால் தேய்ந்த அளவுதான் வரும். தேயாத இடம் எங்காவது இருக்கும், அதைத் தேடி அளக்க வேண்டும் என்பார். ஜெர்சியில் வெயில் படாத இடம் எது? இடது நெஞ்சில் தைத்திருந்த அணியின் பேட்ஜுக்கு அடியில். தடித்த எம்பிராய்டரி பேட்ஜ், வெயில் அதைத் தாண்டிப் போயிருக்காது.

நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த பேட்ஜை இறுதிப் போட்டி முடிந்ததும் அவர் முத்தமிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாதித் தையலைப் பிரித்திருப்பேன், வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. கோபத்தில் டிபனை மறந்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து நின்றார்.

என் மடியைப் பார்த்தார். டிரிம்மரைப் பார்த்தார். "என்ன பண்ற?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காரணம் கேக்காதீங்க. சொல்ல முடியாதுங்க. திருப்பித் தெச்சுக் குடுத்துப்போடறேன்" என்றேன்.

"அதுல கைய வெக்க உனக்கு எப்புடி மனசு வந்துச்சு?"

மிச்சத் தையலையும் அவர் முன்னாலேயே பிரித்து பேட்ஜைத் தூக்கிக் காட்டினேன். அடியில் கையகலத்துக்கு இருந்தது நிறம். மரத்திலிருந்து இப்போதுதான் இறக்கிய செவ்விளநீர். அதைச் சுற்றியிருந்த துணி அதன் பக்கத்தில் சோகை பிடித்துக் கிடந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். "இந்த நெறத்துலயா இருந்துச்சு?" என்றார்.

"ஆமாங்க. தேஞ்ச எடத்துல அளந்தா தேஞ்சதுதான் வருமுன்னு நீங்கதான சொல்லுவீங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நான் எந்த யூனிட்டில் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். காலையில் தான் குருட்டுக் கண் என்று சொன்னதும் அவருக்கு நினைவிருந்திருக்கும். ஜெர்சியை அவரே மடித்து என் டிபன் பைக்குள் வைத்தார். "வா, வண்டியில கொண்டுபோய் உட்டுட்டு வாரேன்" என்றார்.

மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது, நான் பாஸ் செய்த நிறம் வெளுத்த நிறம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பேட்ஜ் இருந்த இடத்தைக் காட்டியதும் அவரே மை டப்பாக்களை எடுத்துவைத்தார். அந்தக் கையகல இடத்தை வைத்து மறுபடியும் மை கலந்தோம். இந்தத் தடவை பெட்டிக்குள் பார்த்ததோடு நான் நிறுத்தவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன், டியூப்லைட்டுக்கு அடியில் பார்த்தேன், பிரஸ் ஓட்டுகிறவர் அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்தேன். அதன் பிறகுதான் கையெழுத்து. கணவரின் ஜெர்சியில் பேட்ஜை நானே மெஷினில் உட்கார்ந்து, பழைய ஊசித் துளைகளிலேயே விழுகிற மாதிரி தைத்தேன்.

முதல் ஆட்டத்துக்கு இருவரும் போனோம். நான் புது ஜெர்சி போட்டிருந்தேன். எங்கள் வரிசையில் அந்தப் பத்துப் பேரும் வந்திருந்தார்கள். ஏழு பேர் புதுசு வாங்கியிருந்தார்கள். காலர் நன்றாக இல்லை என்று ஒருவர், கையில் கோடு மெலிந்துவிட்டது என்று இன்னொருவர். அது இருக்கட்டும், குறை சொல்லாமல் ரசிகன் உண்டா. ஆட்டக்காரர்கள் ஓடிவந்து வெளிச்சத்தில் வரிசையாக நின்றதும் அரங்கம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. தனி நிறம் போடுகிற தற்காப்பு ஆட்டக்காரர்கள் போகப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேர் உடம்பிலும் என் கண் பார்த்து அனுப்பிய நிறம். நானும் எழுந்து நின்று கத்தினேன். பெருமை அன்றி வேறில்லை அது.

முன்வரிசையிலிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் திரும்பி எங்களைப் பார்த்தார். "புதுக் கம்பெனின்னாலும் நெறத்தைச் சரியாப் புடிச்சுப்போட்டானுங்க" என்றார். அப்புறம் என் கணவரின் நெஞ்சைக் கவனித்தார். சுற்றிலும் செவ்விளநீராக இருந்த கூட்டத்தில் அவர் ஒருவர்தான் வெளுத்துத் தெரிந்தார். "ஏனுங்க, நீங்க புதுசு வாங்கலீங்களா?"

என் கணவர் பேட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, மைதானத்தைத்தான் பார்த்தார்.

"இதுதானுங்க சாம்பிளு" என்றார்.