ரோஜா வாசமும் அம்மாவின் சந்தேகமும்

இங்கிலாந்தில், மகளோடு சுற்றிப் பார்த்த ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தின் கோடை வெயிலில் ரோஜா வாசம் அடித்ததும் அம்மாவின் சந்தேகம் ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் மலேசியாவில். பந்திங் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்கு அப்பாதான் தோட்டக்காரர். அவர் சட்டையில் தினமும் ரோஜா வாசம்.

"யாருக்குப் பூ பறிச்சுக் குடுக்குறீங்க?" என்று அம்மா கேட்பார்.

"வேலை லா," என்பார் அப்பா, முகம் பார்க்காமல்.

துரை ஊருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் வேலியோரம் எட்டிப் பார்த்தார். ரோஜாச் செடிகளுக்கு நடுவே, துரையின் நாற்காலியில் அப்பா தனியாகக் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். வெறும் புல்வெளியைப் பார்த்துக் கைநீட்டி, துரை மாதிரியே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி தளர்ந்தது.

"வா, போவோம். நாம பார்த்தோம்னு அப்பாகிட்ட சொல்லிடாதே."

"என்னம்மா யோசிக்கிறீங்க?" என்றாள் மாளிகைத் தோட்டத்தில் பக்கத்தில் நின்ற என் மகள்.

அவளிடமும் சொல்லவில்லை.