தமிழ்வாணி எழுதும் குறிப்பு

தமிழ்வாணிக்கு லேசில் கோபம் வராது. ஆனால் நோயாளியின் ஃபைலில் "சி.எஸ்.டி." என்ற மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டால் மூக்கு சிவந்துவிடும். அதே வைத்தியம் தொடரட்டும் என்பதற்கு ஆஸ்பத்திரிகளில் எழுதும் ஆங்கிலச் சுருக்கம் அது. "நோயாளி நலம். சி.எஸ்.டி." என்று இருக்கும். மறுநாள் பக்கத்தைப் புரட்டினால் அதிலும் "நோயாளி நலம். சி.எஸ்.டி." இதற்கு முன்னேற்றக் குறிப்பு என்று பெயர் வேறு. முன்னேற்றமும் இருக்காது, குறிப்பும் இருக்காது. கையெழுத்து மட்டும் பெரிதாக இருக்கும்.

"நலம்னா என்ன நலம்? நேத்தைக்கு இன்னைக்கு என்ன தேவலை? நாளைக்கு நான் லீவு போட்டா, எனக்குப் பதிலா வர்ற புள்ள இதை வச்சு என்னத்தச் செய்யும்?" என்று கேட்பாள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள் தமிழ்வாணி. பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு திரும்பியும் பேச்சு திரும்பாதவர்கள் அவளிடம் வருவார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் அவர்களுக்கு உள்ளே இருக்கும். சொல் மட்டும் வெளியே வராது. அந்தச் சொல்லை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவருவது அவள் வேலை.

சொந்த ஊர் எழுமலை. அப்பா சுருளியும் அம்மா சுந்தரம்மாளும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, அதில் வெங்காயமும் மிளகாயும் போட்டு மகளைப் படிக்க வைத்தார்கள். பேச்சுப் பயிற்சிப் படிப்பில் இடம் கிடைத்தது என்றதும் ஊர் டீக்கடையில் ஒரே சிரிப்பு.

"பேசச் சொல்லிக் குடுக்க ஒரு படிப்பாக்கும்? அப்படிப் பாத்தா நம்மூர்ல அம்புட்டுப் பேரும் டாக்டர்தான!"

சுந்தரம்மாள் விடவில்லை. "பேசத் தெரியிறது வேற, பேச்சு வாரது வேற அண்ணே. எம்மக அதைத்தான் படிக்கப் போறா" என்று ஒரு போடு போட்டாள். அந்த வித்தியாசம் என்ன என்பது அவளுக்கே அப்போது தெரியாது. சொன்ன பிறகு விட்டுக்கொடுக்க முடியுமா?

மகள் அந்த வித்தியாசத்தைப் படித்துவிட்டு வந்தாள். படித்ததை எழுதவும் கற்றுக்கொண்டாள். அவள் குறிப்பில் நான்கு பகுதிகள் இருக்கும். நோயாளி என்ன சொன்னார், நான் என்ன பார்த்தேன், அதிலிருந்து எனக்கு என்ன தோன்றுகிறது, அடுத்து என்ன செய்யப்போகிறேன். சொன்னதைப் பார்த்ததோடு கலக்க மாட்டாள். தோன்றியதைப் பார்த்ததுபோல எழுதமாட்டாள். ஆஸ்பத்திரி வழக்கப்படி குறிப்பு ஆங்கிலத்தில்தான். ஆனால் நோயாளி சொன்ன வார்த்தையை மட்டும் தமிழ் எழுத்தில், அவர் சொன்ன மாதிரியே எழுதுவாள். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஃபைலில் தமிழ் எதற்கு என்று முகத்தைச் சுளித்தார். "அவுங்க தமிழ்லதான சார் சொன்னாங்க" என்றாள்.

பூ மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஓர் அம்மா எதைக் கேட்டாலும் "மல்லி" என்றே சொன்னார். தமிழ்வாணி எழுதியது இது: "எல்லாவற்றுக்கும் 'மல்லி'. ஆனால் கிலோ என்ன விலை என்றால் விரலால் சரியாகக் காட்டுகிறார்." அவள் காய்ச்சலில் படுத்த வாரம், மாற்றாக வந்த பெண் அதைப் படித்துவிட்டு நேராக விரலிலிருந்தே பயிற்சியை ஆரம்பித்தாள். திரும்பி வந்து அதைக் கேட்டபோது தமிழ்வாணிக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவில்லை. எழுதி முடித்த குறிப்பை ஒருமுறை படித்துப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. அதில் என்ன தப்பு? கோலம் போட்டவள் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பதில்லையா?

கல்யாணராமன் அவளிடம் வந்தது போன வருஷம், பங்குனி வெயிலில். நகருக்குள் ஒரு பெருமாள் கோயிலில் அர்ச்சகர். வெண்கல மணி போன்ற குரல் என்று பெயர் வாங்கியவர். ஒரு நாள் காலையில் தீபாராதனைத் தட்டு கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது, அதோடு பேச்சும் போயிற்று. உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் தேறிக்கொண்டு வந்தது. பேச்சுக்காக, தான் குடியிருக்கும் ஆனையூரிலிருந்து தமிழ்வாணி ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குப் போய் வந்தாள்.

முதல் நாள் அவர் மனைவி பட்டு கதவைத் திறந்து, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார்.

"எழுமலைம்மா."

"எழுமலைல யாரு?"

அந்த இரண்டாவது கேள்வி எங்கே போய் நிற்கும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்வாணி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சுருளி மக" என்றாள். ஊருக்கே தெரிந்த ஆளின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். பட்டு உள்ளே போய்க் காப்பி கலந்துகொண்டு வந்தார்.

கல்யாணராமனுக்கு எல்லாம் புரிந்தது. தலையை ஆட்டுவார், கண்ணால் பேசுவார். ஆனால் நாற்காலியைக் காட்டி இது என்ன என்றால் உதடு துடிக்கும், சொல் வராது. "இருக்கு... இருக்கு..." என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். தமிழ்வாணி அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒரு காலை வேளையில் அந்த அதிசயம் நடந்தது. பட்டு விளக்கேற்றிவிட்டுக் கைகூப்பி நின்றபோது, பின்னாலிருந்து அர்ச்சனை மந்திரம் கேட்டது. அதே வெண்கலக் குரல். ஒரு எழுத்து பிசகவில்லை. பட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் சாய்ராமுக்குப் போனில் பதிவு செய்து அனுப்பினார். அது சொந்தக்காரர்களின் போனெல்லாம் சுற்றி, கோயில்வரை போய்விட்டது. பெருமாள் பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

தமிழ்வாணியும் அந்தக் குரலைக் கேட்டாள். அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பு அடங்கியதும் ஒரு செம்பு தண்ணீரை அவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, "சாமி, என்ன வேணும்? சொல்லுங்க" என்றாள். அவர் செம்பைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மந்திரத்தின் முதல் வரி வந்தது. நிறுத்தினார். மறுபடி முயன்றார். மறுபடியும் அதே வரி. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார்.

சின்ன வயதிலிருந்து ஓதி ஓதி மனப்பாடமானது ஒரு வழியில் வரும். யோசித்துச் சொல்வது வேறு வழியில் வர வேண்டும். முதல் வழி அவருக்குத் திறந்துவிட்டது. இரண்டாவது இன்னும் அடைத்தே கிடந்தது. பேச்சு போன முதல் சில மாதங்களில் விடாமல் பயிற்சி கொடுத்தால்தான் அது திறக்க வாய்ப்பு அதிகம். தமிழ்வாணி அன்றைக்கு வழக்கத்தைவிட நிதானமாக எழுதினாள்.

அந்த வாரமே சாய்ராம் ஊருக்கு வந்தான். அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நரம்பியல் டாக்டர் ராஜஸ்ரீயைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவன், தமிழ்வாணியையும் வரச் சொன்னான். முகமெல்லாம் மலர்ச்சி.

"அப்பா பிரமாதமா பேசறார் மேடம். இனிமே ட்ரெய்னிங் வேண்டாம்னு நெனைக்கிறேன். கோயில்ல கூப்பிடறா. சன்னிதிக்குப் போனா மிச்சமும் சரியாயிடும். தமிழ்வாணி மேடத்துக்கு ரொம்ப தேங்க்ஸ்."

டாக்டர் கல்யாணராமனைப் பார்த்தார். "பேசுங்க சாமி, கேப்போம்." மந்திரம் கணீரென்று வந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்று தமிழ்வாணிக்குத் தெரிந்தது. இப்போது விட்டால் இந்த மனிதர் சன்னிதியில் நாளெல்லாம் கணீரென்று முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார். நல்ல குரல் என்று ஊர் மெச்சும். அவர் ஊமையாகிவிட்டது ஒருவருக்கும் தெரியாது.

டாக்டர் ராஜஸ்ரீ பேனாவை மூடினார். "நான் பாக்கறது அஞ்சு நிமிஷம். வாணி ஒரு மணி நேரம் கூட உக்காந்து பாக்கறா. அவ எழுதினதைப் படிக்காம நான் எதையும் முடிவு பண்றதில்லை. நோட்டை வாசிம்மா, தமிழ்லயே சொல்லு."

தமிழ்வாணி ஃபைலை எடுத்தாள். உடனே வாசிக்கவில்லை. கல்யாணராமனிடம் போய்க் குனிந்து, "சாமி, உங்களப் பத்தி எழுதுனது. எல்லாருக்கும் முன்னால வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர் அவளையே பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"சொன்னது: அர்ச்சனை மந்திரம், பிழையில்லாமல். வேறு சொல் எதுவும் இல்லை. பார்த்தது: செம்பைப் பார்த்தார், வாயைத் திறந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு மந்திரம் வந்தது. நிறுத்தினார், மறுபடி முயன்றார், அதே வரி. மனைவியின் பெயரைக் கேட்டபோது உதட்டைச் சேர்த்தார், மறுபடி மந்திரம், கண்ணீர். தோன்றுவது: ஓதுவது திரும்பியிருக்கிறது, பேச்சு திரும்பவில்லை. ஆனால் பிழை அவருக்கே தெரிகிறது, முயற்சி இருக்கிறது; வர வாய்ப்பு உண்டு. அடுத்தது: மந்திரத்தின் ராகத்திலேயே சின்னச் சின்ன வார்த்தைகளை ஏற்றிப் பழக்குவது. பயிற்சியை நிறுத்தக் கூடாது."

கல்யாணராமன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆமாம், ஆமாம் என்று ஆட்டினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இத்தனை நாள் தன் நிலைமையைச் சொல்ல முடியாமல் தவித்தவருக்காக, வேறொருவர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நேத்து விடிகார்த்தால என் கையைப் பிடிச்சுண்டு மந்திரம் சொன்னாரேடா... நான் பக்தின்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுண்டு நின்னேன். அப்புறம்தான் பாத்தேன், வேஷ்டி நனைஞ்சிருந்தது. பாத்ரூம் போகணும்னுதான் கூப்பிட்டிருக்கார். பாவி, எனக்குத் தெரியலையே!"

சாய்ராமின் முகம் வாடிவிட்டது. அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டான். பிறகு தமிழ்வாணியைப் பார்த்து, "எவ்வளவு நாளானாலும் நீங்களே பாருங்கோ மேடம்" என்றான்.

தமிழ்வாணி ஃபைலை மூடினாள். நிமிர்ந்து வெளியே வந்தாள். தான் எழுதிய நாலு வரி ஒரு மனிதரின் பேச்சுக்காக வாதாடி ஜெயித்திருக்கிறது என்ற நினைப்பு ஸ்கூட்டர் ஓட்டும்போதெல்லாம் கூடவே வந்தது.

அப்புறம் வேலை, வேலை, வேலைதான். ராகம் போட்டு "தண்ணி" என்பார்கள். ராகத்தை மெல்ல எடுத்துவிட்டுச் சொல்லச் சொல்வாள். வரும், மறுநாள் போய்விடும். போனதையும் எழுதுவாள். ஆடி பிறந்தது, புரட்டாசி வந்தது. தனித்தனிச் சொற்கள் வந்துவிட்டன. காட்டினால் சொன்னார், கேட்டால் சொன்னார். ஆனால் கேட்காமல், தானாக, ஒருவரைப் பார்த்து ஒரு வாக்கியம் இதுவரை சொன்னதில்லை. அது வராதோ என்ற பயம் தமிழ்வாணிக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்தது. பட்டுவிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மழை பிடித்திருந்த ஒரு நாள். பயிற்சி முடிந்து தமிழ்வாணி கிளம்பத் தயாராக இருந்தாள். பட்டு இரண்டு டம்ளரில் காப்பியை வைத்துவிட்டு, கரண்ட் போனதைப் பற்றியும் மெழுகுவர்த்தி கிடைக்காததைப் பற்றியும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணராமன் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். டம்ளரை ணங்கென்று கீழே வைத்தார்.

"காப்பி... ஆறிடுத்து."

பட்டு பேச்சை நிறுத்தினார்.

"ஆறிடுத்துடீ!" என்றார் அவர், இந்த முறை நல்ல எரிச்சலோடு, மனைவியின் முகத்தைப் பார்த்து.

பட்டு சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே வந்தது. "ஆறட்டும்னா! நன்னா ஆறட்டும்! தெனமும் ஆறவச்சே தரேன், என்னைத் திட்டிண்டே இருங்கோ!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணராமனுக்கு அப்போதுதான் தான் செய்தது புரிந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

தமிழ்வாணி நின்றபடியே ஃபைலைத் திறந்தாள். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு எழுதினாள். பட்டு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஆங்கிலத்துக்கு நடுவே அந்த ஒரு வரி மட்டும் தமிழில் இருந்ததால் அவரால் படிக்க முடிந்தது.

"சரியா எழுதியிருக்கே. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு."

தமிழ்வாணி திரும்பிப் படித்தாள். சொன்னது இருந்தது, பார்த்தது இருந்தது. "என்னம்மா விட்டுப்போச்சு?"

"யாரைப் பாத்துச் சொன்னார்னு எழுதலையே. இத்தனை நாளா பெருமாள்கிட்டயேதானே பேசிண்டிருந்தார்? இது என்கிட்ட சொன்னது. என் பேரைப் போடு."

தமிழ்வாணி அந்த வரிக்குப் பக்கத்தில், தமிழிலேயே, "பட்டுவிடம்" என்று எழுதினாள்.