மரியாதைக்கு ஓர் ஐம்பத்தொன்பது

அமெச்சூர் வானொலிப் போட்டிகளில் நாங்கள் எல்லோரும் எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொல்கிறோம். அந்தப் பொய் ஐம்பத்தொன்பது. முதல் எண் எதிராளியின் பேச்சு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு; முழுத் தெளிவுக்கு ஐந்து. அடுத்த எண் அவர் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதற்கு, அதிகபட்சம் ஒன்பது. முறைப்படி காதுகொடுத்துக் கேட்டு, யோசித்துச் சொல்ல வேண்டும். போட்டியில் யாருக்கு அதற்கு நேரம்? இரண்டு நாளில் எத்தனை நாடு, எத்தனை பேர் என்று ஓடுகிற ஓட்டத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவருக்கும் ஐம்பத்தொன்பதுதான். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பு குறைச்சல் என்று யார் சொல்கிறார்கள், அதுபோல.

எனக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு குறுகுறுப்பு. மலேசியாவில், சுபாங் ஜெயாவில் எங்கள் வீடு பதினோராவது மாடி. பால்கனியில், துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில், ஒரு நீளமான தூண்டில் கம்பில் சுற்றிய செப்புக் கம்பிதான் என் ஆன்டெனா. அதிலிருந்து கிளம்பும் என் குரல் பல்கேரியாவில் உண்மையில் எப்படி இறங்குகிறது? ஐந்து வருடமாக விசாரிக்கிறேன். பதில், ஐம்பத்தொன்பது. மூஞ்சி தெரியாதவர்களிடம் நாள் பூராவும் பேசுகிறாயே, எங்கம்மாவுக்கு ஒரு போன் போடக் கூடாதா என்று என் கணவர் குத்திக்காட்டுவார். அதிலும் நியாயம் இருக்கிறது.

அந்த மூஞ்சி தெரியாதவர்களில் ஒருவர் ஜெஞ்சாரோமில் இருக்கிறார். செம்பனை எண்ணெய்க் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது; ஆனாலும் போனதில்லை. வானலையில்தான் பழக்கம், அண்ணே என்று கூப்பிடுவேன். கணீரென்ற குரல். மைக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பேசினாலும் கேட்கும் என்று கிண்டல் செய்வேன். போன வருடம் தொண்டையில் கட்டி என்று அறுவை செய்தார்கள். பழைய குரல் திரும்புமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லையாம். அதன்பிறகு மாதக்கணக்கில் அவர் அலைக்கு வரவில்லை. அவருடைய போன் எண் என்னிடம் இருந்தது. பேச முடியாதவரைக் கூப்பிட்டு என்ன கேட்பது என்று சும்மா இருந்துவிட்டேன். அது கோழைத்தனம், வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

அந்த சனிக்கிழமை பெரிய போட்டி. சாயங்காலம் நாலு மணிக்கு ஐரோப்பாவுக்கு அலைப் பாதை திறந்துகொண்டது. காலியாக ஓர் அலைவரிசை கிடைத்து, நான் கூப்பிடக் கூப்பிட வரிசையாகப் பதில் வந்தது. இப்படிக் கிடைத்த இடத்தை அரை நிமிடம் சும்மா விட்டால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பார்க்கிங் மாதிரி.

நடுவில் ஒரு குரல் வந்தது. பலமான அலை, ஆனால் தேங்காய் துருவுகிற சத்தம்தான் இருந்தது, சொல்லைக் காணோம். நிலையத்தின் அடையாள எழுத்துகளைத் திரும்பச் சொல்லும்படி கேட்டேன். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவையில் எழுத்துகள் கூடி வந்தன. தட்டினால் கணினி மலேசியா என்று காட்டியது. உள்நாட்டுத் தொடர்புக்கு அந்தப் போட்டியில் புள்ளி கிடையாது. இதற்கா இவ்வளவு நேரம் என்று எரிச்சல் வந்தது. வழக்கம்போல ஐம்பத்தொன்பது, நன்றி என்று முடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வாயெடுத்தபோதுதான் அந்த எழுத்துகள் யாருடையவை என்று உறைத்தது.

ஜெஞ்சாரோம் அண்ணன் போகவில்லை. தமிழில், ஒவ்வொரு சொல்லாக இழுத்து வந்து வைத்தார்.

“மூணு வாட்டி கேட்டீங்க. அப்புறம் எப்படிமா அம்பத்தொம்போது?”

எனக்கு முகம் சுட்டது. அவர் விட்டு விட்டுச் சொன்னார், நான் பாதியைக் கேட்டும் மீதியை ஊகித்தும் புரிந்துகொண்டேன். இனி வானொலியில் பேசுவதா, பெட்டியை மூட்டை கட்டுவதா என்று இன்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தாராம். முன்பின் தெரியாதவர்கள் தயவு பார்க்க மாட்டார்கள், புரியாவிட்டால் விட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் போட்டி நாளைத் தேர்ந்தெடுத்தாராம். காலையிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா என்று பிடித்த அத்தனை பேரும் ஐம்பத்தொன்பது என்றார்களாம்.

“வீட்டுலயும் எல்லாரும் அம்பத்தொம்போதுதான் சொல்றாங்க. நீங்களாச்சும் நெசமான நம்பர சொல்லுங்க.”

இதற்குள் ஓர் இத்தாலிக்காரர் எங்கள் பேச்சின் மேலேயே ஏறிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். கூப்பிடட்டும் என்று விட்டேன். ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த நிமிடத்தில் பரிதாபத்தைவிட ஆர்வம்தான் எனக்கு அதிகம். எது வருகிறது, எது வழியில் உதிர்கிறது என்று கவனித்தேன். சோறு வந்தது. ரசம் வந்தது. மீன் பாதிதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு கறி கடைசிவரை வெறும் காற்றாகவே இருந்தது. ஐந்து வருடத்தில் ஒருவரை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

நாலு என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“மூணுதாண்ணே,” என்றேன். “அலை நல்லா வருது, ஒம்போது. பேச்சு மூணு. கஷ்டப்பட்டுக் கேட்டாதான் புரியுது.”

இரைச்சலும் இத்தாலிக்காரரும் மட்டும் இருந்தார்கள். அவர் பெட்டியை அணைத்துவிட்டார் என்றே நினைத்தேன். உண்மையைக் கேட்டாரே தவிர அதைத் தாங்குவேன் என்று சொல்லவில்லையே. அண்ணே, இருக்கீங்களா என்று இரண்டு தடவை கேட்டேன்.

பிறகு அந்தத் துருவல் சத்தம், இன்னும் மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே இடம் விட்டு விட்டு வந்தது.

“மூணா? நான் ரெண்டுன்னு நெனச்சேன். அப்ப நாளைக்கும் வரேன்லா.”