உவமை இல்லாத ஐந்து வரிகள்

நாற்பத்தெட்டு வயதில் கவிதை வகுப்பில் சேர்ந்தேன். அலுவலகத்தில் பதினேழு வருடம் எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த பஞ்சாபித் தோழி புற்றுநோயில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவளைப் பற்றி ஏதாவது எழுதியே ஆகவேண்டும் போலிருந்தது. மத்திய அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்புகளில் குறிப்பு எழுதியவள் நான். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் ஒரு வரி வரவில்லை.

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிறு காலை வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம், எல்லோரும் என் வயதோ அதற்கு மேலோ. நடத்தியவர் ஓய்வுபெற்ற அதிகாரி, இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டவர். முதல் நாள் பலகையில் 'கவிதை என்றால் என்ன?' என்று எழுதிவிட்டு எங்களைக் கேட்டார். உணர்ச்சியின் வெளிப்பாடு என்றார் ஒருவர். இதயத்தின் மொழி என்றார் இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் அவர் "அதுவும் சரிதான்" என்றார். எல்லாமே சரி என்றால் நான் எதற்கு மெட்ரோவில் இரண்டு முறை மாறி வந்தேன்?

"எப்படி சார் ஆரம்பிக்கிறது?" என்று கேட்டேன்.

"பேனாவை எடுங்கம்மா, தானா வரும். உவமை மட்டும் மறக்காதீங்க. வரியை உடைச்சு எழுதுங்க, அவ்வளவுதான்."

எழுதினேன். 'மரணமே, என் தோட்டத்து மலரைப் பறித்த கொடுங்கரமே' என்று தொடங்கி இருபது வரி. வகுப்பில் கை தட்டினார்கள். வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படங்கள் குவிந்தன. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னிடம் ஏது தோட்டம்? அவள் மலரும் இல்லை. அதட்டிப் பேசுகிற, மேலதிகாரியையே கோப்போடு திருப்பி அனுப்புகிற பொம்பளை. அந்த இருபது வரியை யார் செத்தாலும் வாசிக்கலாம்.

மூன்றாவது வாரம் ஒரு காரியம் செய்தேன். எங்கள் அலுவலக லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தமிழாக்கி, வரி வரியாக உடைத்து வாசித்தேன். 'மின்தூக்கி / இன்றுமுதல் / இயங்காது. / படிகளைப் / பயன்படுத்தவும்.'

வாசித்து முடித்ததும் ஒருவர், "வாழ்க்கையில குறுக்கு வழி இல்லைங்கிறதை எவ்வளவு அழகா சொல்லிட்டீங்க மேடம்!" என்றார். மறுபடி கைதட்டல்.

"இது நோட்டீஸ். லிஃப்ட்ல ஒட்டியிருக்கு," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு நடத்தியவரின் முகம் சுருங்கிவிட்டது. "எங்களைக் கேலி பண்ணவா வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை வாங்காமலே நடந்தேன். அவரைக் குத்திக்காட்டிவிட்டேன். ஆனால் எனக்கும்தான் எழுதத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம், கிழித்துப் போடலாம் என்று எடுத்துவைத்திருந்த 'மரணமே' தாளைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் பார்த்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அழுதுவிடுவாள்.

"க்யா லிக்கா ஹை, அம்மா? என்ன எழுதியிருக்கே, படிச்சுச் சொல்லேன்."

'கொடுங்கரமே'வை இந்தியில் எப்படிச் சொல்வது? "அந்த ஆபீஸ் ஆண்ட்டி இல்ல? அவங்களைப் பத்தி," என்றேன்.

"அவங்களைப் பத்தி என்ன?"

"தினம் என் டப்பாலேர்ந்து தயிர்சாதம் எடுத்துப்பாங்க. அவங்களுக்குன்னு ஒரு ஸ்பூன் கொண்டுபோவேன். இப்பவும் ரெண்டு ஸ்பூன்தான் எடுத்துட்டுப் போறேன். கை தானா எடுக்குது."

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஸ்பூன் எங்க இருக்கு?"

"இல்ல."

"தோ வஹீ லிக்கோ நா. அதையே எழுதேன்."

எரிச்சலாக வந்தது. இவ்வளவுதான் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை எதற்கு? இருந்தாலும் எழுதினேன்.

டப்பாவைத் திறந்தேன்.
தயிர்சாதம், மாவடு.
ரெண்டு ஸ்பூன்.
எதிர் நாற்காலியில் புதிதாக ஒருவர்.
சாப்பிட்டுவிட்டாராம்.

அடுத்த ஞாயிறு போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனதுடன் உட்காரச் சொன்னார். இந்த ஐந்து வரியையும் வாசித்தேன். யாரும் கை தட்டவில்லை. பின்வரிசை அம்மாள், "இதுவும் நோட்டீஸா?" என்றாள். வகுப்பு நடத்தியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "உவமையே இல்லையேம்மா. இன்னும் கொஞ்சம் வளர்க்கலாம்," என்றார்.

"இல்ல சார், இவ்வளவுதான்," என்று தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். நிஜமாகவே அவ்வளவுதான்.

அத்தோடு எழுத்து கைவந்துவிட்டது என்று நினைத்ததும் தப்பு. வீட்டுக்கு வந்து, தோழியின் குரலைப் பற்றி எழுதலாம் என்று புது நோட்டைத் திறந்தேன். 'காலமே' என்று முதல் வார்த்தை விழுந்தது. அடித்தேன். 'தென்றலே' என்று வந்தது. பேனாவை மூடிவிட்டு, லஞ்ச் முடிகிற நேரத்தில் அவள் பியூனை எப்படிக் கூப்பிடுவாள் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அதுவும் சரியாக வரவில்லை.