வாடகைப் பெட்டியோடு போன அம்மா

நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் செட்-டாப் பெட்டியைச் சொந்தமாக வாங்குவதா, கேபிள்காரரிடம் வாடகைக்கு எடுப்பதா? விலை, பழுது, மாற்றித் தருவது என்று பட்டியல் போட்டு, வாடகைதான் மேல் என்று முடிவு செய்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்ற திமிர்.

அந்த மாதமே தெலுங்கு விவசாய நிகழ்ச்சியில் அம்மா எங்கள் வேர்க்கடலைச் சாகுபடி பற்றிப் பேசினார். குவைத்தில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வந்ததும் பார்க்கட்டும் என்று பதிவு செய்து வைத்தேன்.

பிறகு, ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேடு ஊர்க் கேபிள்காரர் தமிழ் சேனல்களை நிறுத்திவிட்டார். தமிழ் வராத டிவி எதற்கு என்று நான்தான் சண்டை போட்டேன். நான் ஷிப்டுக்குப் போயிருந்தபோது அவர் வந்து, தமிழ் வரும் வேறு பெட்டியை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போய்விட்டார்.

அம்மாவின் பதிவு பழைய பெட்டியில் இருந்ததால், மறுநாளே அதைக் கேட்டு அவர் கடைக்குப் போனேன்.

"அப்பவே அழிச்சிட்டோம் மேடம். பொட்டி எங்களுது. உங்கம்மா இன்னா மினிஸ்டரா, பத்திரமா வெச்சிக்கினு இருக்க?"

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க வாய் இல்லியா உங்களுக்கு?"

அவர் அடுத்த ஆளிடம் தெலுங்கில் பேசத் தொடங்கினார்.

அண்ணன் வந்ததும் ரிமோட்டை எடுத்துக்கொண்டு, "எங்க, அம்மாவ போடு" என்றார்.

"நாந்தான் இங்கியே கீறனே, என்னையே பாரு" என்றார் அம்மா.

இப்போது சொந்தப் பெட்டி வாங்கிவிட்டேன். அதுவும் ஒருநாள் கெடும் என்பதால், முக்கியமானவற்றை டிவி முன் செல்போனை வைத்துப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிடுகிறேன். வாடகைக்கு எடுப்பவர்கள், பெட்டி திரும்பிப் போனால் பதிவுகள் யாருக்கு என்று முதலில் கேளுங்கள். என் பட்டியலில் அந்த ஒரு வரிதான் இல்லை.